கிழங்குப் பை எங்கே போய் மக்கும்? சேலம், நாமக்கல் ஸ்டார்ச் ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஸ்டார்ச், ஜவ்வரிசி ஆலை உரிமையாளர்களுக்கும், மரவள்ளி ஸ்டார்ச்சையும் ஜவ்வரிசியையும் விற்றுத்தரும் சேகோசர்வ் கூட்டுறவின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மரவள்ளி விலை சரியும் ஒவ்வொரு பருவத்திலும் நம் பக்கத்தில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்புகிறது. "இனிமேல் கிழங்கு மாவில் பிளாஸ்டிக் செய்யப் போகிறார்களாம், அப்புறம் பாருங்கள் விலையை" என்று டீக்கடையில் சொல்கிறார்கள். விவசாயிகள் கூட்டத்தில் சொல்கிறார்கள். உங்களில் சிலரே மேடையேறிச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். ஆத்தூர் வட்டத்தில் தாத்தா காலத்திலிருந்து கிழங்கு போடும் குடும்பத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் 32 ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தத் தொழிலில் நீங்கள் இறங்கினால் முதலில் மகிழ்பவர்களில் ஒருவனாக இருப்பேன். ஆனால் எந்தப் பொருளைச் செய்யப் போகிறீர்கள், அதை என்ன சொல்லி விற்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யும் முன் சிலவற்றை உங்கள் முன் வைக்க வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுத் திருமணம் ஒன்றில் தாம்பூலப் பையாக, மரவள்ளி மாவில் செய்தது என்று சொல்லி விற்கப்பட்ட பைகளை வாங்கினோம். தொட்டால் வழுவழுப்பாக, லேசாகப் பொடி தடவியது போல இருந்தது. பச்சை நிறத்தில் ஓர் இலைப் படமும், "நான் பிளாஸ்டிக் அல்ல" என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் அச்சாகியிருந்தன. மீந்த பைகளில் பத்தை எங்கள் எருக்குழியில் ஒரு முழ ஆழத்தில் புரட்டாசியில் புதைத்துவிட்டு, சித்திரையில் எரு அள்ளும்போது தோண்டிப் பார்த்தேன். சாணமும் சருகும் மாட்டுத் தொழுவத்துக் கூளமும் கறுத்துப் பொடிந்து நல்ல எருவாகியிருந்தன. பைகள் மட்டும் அழுக்கேறிச் சுருங்கி, கைப்பிடி கிழியாமல், அந்த இலைப் படத்தோடு அப்படியே கிடந்தன. எழுத்துகளைக்கூட வாசிக்க முடிந்தது.

விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்ல நான் இதைக் குறிப்பிடவில்லை. அது பாலித்தீனில் மாவைக் கலந்த போலிப் பையாகவும் இருந்திருக்கலாம். முறைப்படி தேறிய நல்ல பையாகவுமே இருந்திருக்கலாம். நல்ல பையாக இருந்தாலும் என் எருக்குழியில் அது இப்படித்தான் கிடந்திருக்கும் என்பதே நான் சொல்ல வருவது. அதற்குக் காரணம் வேதியியலில் இருக்கிறது.

பள்ளியில் ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்வேன். நான்கு கரண்டி கிழங்கு மாவைத் தண்ணீரில் கரைத்து, ஒரு கரண்டி கிளிசரினும் கொஞ்சம் வினிகரும் சேர்த்து, அடிபிடிக்காமல் கிளறினால் கண்ணாடி போன்ற கூழாகும். அதைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தேய்த்து இரண்டு நாள் நிழலில் காயவைத்தால், உரித்து எடுக்கக்கூடிய ஒரு தாள் கிடைக்கும். அதைப் பார்த்த ஒரு மாணவி, "சார், இது உப்பும் மிளகாயும் போடாத கூழ் வத்தல்தானே?" என்று கேட்டாள். அதைவிடச் சரியாக அதை யாரும் விளக்க முடியாது. மழைக்காலத்தில் செய்த தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தொளதொளவென்று ஆகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கோடையில் செய்தது அப்பளமாக நொறுங்கும். மாவுச்சத்து தண்ணீரை விரும்பும் பொருள். எவ்வளவு கிளிசரின் சேர்த்தாலும் அதன் குணம் போகாது. தக்காளியும் தயிர்ப் பொட்டலமும் சுமக்கும் பையை வெறும் மாவில் செய்ய முடியாது.

ஆகவே சந்தையில் "கிழங்குப் பை", "சோளப் பை" என்று விற்கப்படுபவற்றில் மாவோடு வேறொன்றும் கலக்கப்படுகிறது. பெரும்பாலும் அது பி.பி.ஏ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு பாலியெஸ்டர். வளைந்து கொடுக்கும், தண்ணீரைத் தாங்கும், முறையான உரக்கிடங்கில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்கவும் செய்யும். ஆனால் அது பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. பல கலவைகளில் மாவின் பங்கு பாதிக்கும் குறைவுதான். நம் கிழங்கின் பெயரைத் தாங்கி நிற்கும் பையில் பாதிக்கு மேல் எண்ணெய்க் கிணற்றுக்குச் சொந்தம் என்பதை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

இதன் மறுபக்கமும் உண்டு. பிரேசிலில் பிராஸ்கெம் நிறுவனம் 2010 முதல் கரும்பு எரிசாராயத்திலிருந்து பாலித்தீன் தயாரிக்கிறது. அதன் கரி (கார்பன்) ஏறத்தாழ முழுவதும் கரும்பு காற்றிலிருந்து இழுத்தது. பிறப்பில் சுத்தமான தாவரப் பொருள். ஆனால் உருவான பிறகு அது சாதாரண பாலித்தீனேதான். மூலக்கூறு அளவில் எந்த வேறுபாடும் இல்லை, மண்ணில் மக்கவும் மக்காது. செடியில் பிறந்து மண்ணுக்குத் திரும்பாத பிளாஸ்டிக்கும் இருக்கிறது, எண்ணெயில் பிறந்து மண்ணாகும் பிளாஸ்டிக்கும் இருக்கிறது. எதிலிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. எங்கே போய், எத்தனை நாளில் முடியும் என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. "தாவரத்தில் செய்தது" என்ற ஒற்றைச் சொல் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டிவிடுகிறது. உங்கள் பொருளின் மேல் அந்தச் சொல் மட்டும் தனியாக அச்சாகக் கூடாது என்பதே என் முதல் வேண்டுகோள்.

மக்குவதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 17088. அதன்படி சோதனைக்கூடத்தில் 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்கப்பட்ட உரத்தில், 12 வாரத்துக்குள் பொருள் துண்டு துண்டாகி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்காமல் விழ வேண்டும். 180 நாளுக்குள் அதன் கரியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கரியமில வாயுவாக மாறியிருக்க வேண்டும். இந்தத் தரத்தில் தேறி, மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற்றால்தான் இந்தியாவில் மக்கும் பிளாஸ்டிக் என்று விற்கலாம். தரத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் 58 டிகிரி என்பதைக் கவனியுங்கள். சேலத்து அக்னி நட்சத்திரத்தில்கூட மண் ஒரு முழ ஆழத்தில் அந்தச் சூட்டை எட்டாது. ஓர் ஆள் உயரத்துக்குக் குப்பையைக் குவித்து, ஈரம் பார்த்து, வாரந்தோறும் புரட்டிப் போடும் உரக்கிடங்கில்தான் அந்தச் சூடு பிறக்கும், நிலைக்கும். பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கின் கதையும் இதுதான். தயிரையும் இட்லி மாவையும் புளிக்க வைக்கும் அதே லாக்டிக் அமிலத்தைக் கோத்து உருவாக்கிய பொருள் அது. பெயரைக் கேட்டால் வீட்டுக் கொல்லையிலேயே கரைந்துவிடும் போலத் தோன்றும். ஏறத்தாழ 60 டிகிரியில் இளகுவதற்கு முன் அதன் சங்கிலிகள் மிக மெதுவாகத்தான் அறுபடும். சாதாரண மண்ணிலும் கடல் நீரிலும் அது பல ஆண்டுகள் கிடக்கும்.

சரி, உரக்கிடங்கு இருக்கும் ஊருக்காவது போகட்டும் என்று ஒரு நாள் பக்கத்து நகராட்சியின் உரக்கிடங்குக்கே ஒரு கட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனேன். காய்கறிக் கழிவைக் கொட்டிக் கையால் பிரித்துக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் என் பையையும் எடுத்து, மற்ற பாலித்தீன்களோடு ஓரமாக எறிந்தார். இது மக்கும் பை என்று சொன்னேன். "பார்க்கறதுக்கு எல்லாம் கவருதானுங்க சார். ஒவ்வொண்ணையும் நான் படிச்சுப் பார்த்துக்கிட்டு நிக்க முடியுமா?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஒரு நாளைக்குப் பல நூறு கிலோ குப்பை அந்தக் கைகளைக் கடக்கிறது. கண்ணால் பார்த்த நொடியில் இது வேறு என்று தெரியாத பை, 58 டிகிரிக்கு எட்டும் குவியலுக்கு எட்டடி தூரத்தில் இருந்தும் அதற்குள் போய்ச் சேராது. ஒரே நிறம், ஒரே குறி என்று இந்த மாவட்டங்களின் ஆலைகள் எல்லாம் சேர்ந்து ஒப்புக்கொள்ளாமல் ஆளுக்கொரு இலைப் படம் போட்டால் அந்த அம்மாவுக்கு அது கவராகத்தான் இருக்கும்.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்கள் பார்வைக்கு. பல வகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் திறந்தவெளியிலும் மூன்று ஆண்டுகள் போட்டுவைத்தார்கள். மக்கும் பை கடலில் மூன்று மாதத்தில் மறைந்துவிட்டது. ஆனால் மண்ணில் 27 மாதத்துக்குப் பிறகும் இருந்தது, எடை தாங்கும் வலு மட்டும் போயிருந்தது. வெறுமனே "உயிரியல் முறையில் சிதையும்" என்று அச்சிட்டு விற்ற பையோ, மூன்று ஆண்டு மண்ணில் கிடந்த பிறகும் கடைச் சாமான்களைத் தாங்கியது. அச்சிட்ட சொல்லுக்கும் பொருளுக்கும் அவ்வளவு தூரம்.

மாடுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "மாடு தின்றாலும் ஒன்றும் ஆகாது" என்று விற்பனையாளர்கள் சிலர் சொல்லி வருகிறார்கள். மேலே சொன்ன தரம் உரக்குழிக்கானது. மாட்டின் இரைப்பைக்கானது அன்று. மாவெடுத்த கிழங்குச் சக்கையான திப்பியைத் தின்று வளர்ந்த நம் மாடுகளைச் சாட்சிக்கு இழுத்து இந்த வாக்குறுதியை நீங்களும் தந்துவிடாதீர்கள்.

இனி கிழங்கு விலைக்கு வருகிறேன், ஏனெனில் விவசாயிகளிடம் சொல்லப்படுவது அதுதான். ஒரு டன் கிழங்கில் சுமார் கால் டன் மாவு கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தானே ஆலை வாசலில் பாயிண்ட், அதாவது மாவுச்சத்தின் அளவு, பார்த்து விலை சொல்கிறீர்கள். பத்து கிராம் எடையுள்ள பையில் பாதி மாவு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு டன் கிழங்கில் 50,000 பைகள் செய்யலாம். விலை வீழ்ந்த ஒரு பருவத்தில் 10,000 டன் கிழங்கைச் சந்தையிலிருந்து இழுக்க வேண்டுமானால் 50 கோடிப் பைகள் விற்றாக வேண்டும். நம் கிழங்கு விலையை இன்று பெருமளவு தீர்மானிப்பது மகாராஷ்டிரத்தின் விரத நாட்கள்; அங்கே நவராத்திரிக்கும் ஏகாதசிக்கும் ஜவ்வரிசிக் கிச்சடி கிண்டப்படும் வரை அந்த இடத்தைப் பை பிடிக்கப் போவதில்லை. அளவில் பெரிய கொள்முதல் வேண்டுமானால் அது பி.எல்.ஏ. ஆலையால்தான் முடியும். ஒரு கிலோ பி.எல்.ஏ.வுக்கு ஏட்டுக் கணக்குப்படியே 1.1 கிலோவுக்கு மேல் மாவு வேண்டும், நடைமுறையில் இன்னும் அதிகம். தாய்லாந்தின் ராயோங்கில் இருப்பதைப் போல ஆண்டுக்கு 75,000 டன் தயாரிக்கும் ஆலை ஒன்று நம் பக்கம் வந்தால் மூன்று லட்சம் டன்னுக்கு மேல் கிழங்கு விழுங்கும். ஆனால் ராயோங் ஆலை ஓடுவது கரும்புச் சர்க்கரையில். உத்தரப் பிரதேசத்தில் இதே தொழிலில் இறங்கியிருப்பதும் ஒரு சர்க்கரை ஆலை நிறுவனம்தான். நொதிக்க வைக்கும் நுண்ணுயிருக்குத் தேவை சர்க்கரை. மாவை முதலில் சர்க்கரையாக உடைக்கும் செலவு நம் தலையில் கூடுதலாக விழும். இதையெல்லாம் தாண்டி வருவதென்றால் வாருங்கள். ஆனால் பைத் தொழிலைக் காட்டிக் கிழங்கு விலை ஏறும் என்று பாத்தி பிடிக்கிறவனிடம் ஆசை காட்டாதீர்கள்.

கடைப் பை வேண்டாம் என்று நான் கருதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்கள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. தடை பல கடைகளில் ஏட்டளவில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் துணிப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகும் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. நூறு முறை பயன்படும் துணிப்பை இருக்கும் இடத்தில், இருபது நிமிடம் பயன்படும் கிழங்குப் பையைக் கொண்டு வந்து வைப்பது, மனச்சாட்சி உறுத்தாமல் எறிவதற்கு வழி செய்து கொடுப்பதாகத்தான் முடியும். மக்கும் பைகளுக்குச் சட்டத்தில் விலக்கு இருப்பதால் வியாபாரம் எளிதாகத் தெரியலாம். எளிதாகத் தெரிவதாலேயே போலிகள் முதலில் நுழைவதும் அங்கேதான்.

என் தம்பி தோட்டத்தில் நான் வாரந்தோறும் பார்ப்பதை இப்போது சொல்கிறேன். தக்காளிக்கும் தர்பூசணிக்கும் அவன் மல்ச்சிங் ஷீட், அதாவது பாத்தியை மூடும் நிலப்போர்வை, போடுகிறான். மேலே வெள்ளி, அடியில் கறுப்பு, 25 மைக்ரான் கனம். களை குறைகிறது, தண்ணீர் மிச்சமாகிறது, அதில் சந்தேகமே இல்லை. அறுவடை முடிந்து ஷீட்டை உருவும்போதுதான் வினை. பாத்தியின் இரு ஓரத்திலும் மண் மூடிய பகுதி வெயிலில் நைந்த இடத்தோடு அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஆள் கூலி கொடுத்துப் பொறுக்கினாலும் பாதிதான் வரும். மீதி, ரொட்டவேட்டர் ஓட்டும்போது கத்திகளில் சுற்றிக்கொள்கிறது; இறங்கி அரிவாளால் அறுத்து எடுக்க வேண்டியிருக்கிறது. மிச்சமெல்லாம் விரல் அகலத் துண்டுகளாகி நிலத்தோடு நிலமாகிறது. உருவி எடுத்ததைப் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவரும் மண் ஒட்டியிருக்கிறது என்று தொடுவதில்லை. வரப்பில் போட்டுக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை எங்கள் வீட்டு முற்றம் வரை வருகிறது.

மக்கும் பிளாஸ்டிக் உண்மையிலேயே தேவைப்படும் முதல் இடம் இதுதான். இங்கே பொருளைச் சேகரித்து எங்கும் கொண்டுபோக வேண்டியதில்லை. பயன்பட்ட இடத்திலேயே அது முடிய வேண்டும். இதற்கென்றே ஐரோப்பாவில் 2018-இல் இ.என். 17033 என்ற தனித் தரம் வகுத்தார்கள். அது 58 டிகிரி உரக்கிடங்கைக் கேட்கவில்லை. சாதாரண மண்ணில், 25 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், இரண்டு ஆண்டுக்குள் தொண்ணூறு சதவீதம் சிதைய வேண்டும் என்கிறது. மாவும் பி.பி.ஏ.டி.யும் கலந்த நிலப்போர்வைகள் அங்கே தோட்டங்களில் பயன்படுகின்றன. நம் மண் அவர்கள் மண்ணைவிடச் சூடானது. நுண்ணுயிர் வேலையும் வேகமாக நடக்கலாம். வேகம் கூடினால் அறுவடைக்கு முன்பே ஷீட் கிழிந்துவிடும் ஆபத்தும் சேர்ந்தே வரும். அதை நம் வயலில் போட்டுத்தான் அறிய வேண்டும். ஏத்தாப்பூரில் மரவள்ளி ஆராய்ச்சி நிலையமும், திருவனந்தபுரத்தில் கிழங்குப் பயிர்களுக்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனமும், சென்னை கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கான சிப்பெட் நிறுவனமும் இருக்கும்போது இதற்கு வெளிநாட்டுக்கு ஓட வேண்டியதில்லை. இரண்டாவது, நாற்றுப் பை. அதுவும் இதே இனம்தான். நாற்றங்காலில் கறுப்புப் பையோடு வாங்கிவரும் மரக்கன்றை நடும்போது பிளேடால் கீறி எறிகிறோம். சில இடங்களில் கீறாமலே நட்டு வேரைச் சுருள வைக்கிறோம். பையோடு நட்டால் போதும் என்ற நிலை வந்தால் அதன் பயன் ஒரு பருவத்தோடு நிற்காது.

மூன்றாவதாக, சமையலறைக் கழிவுப் பை. இத்தாலியில் 2011 ஜனவரி முதல் கடைகளில் மக்காத மெல்லிய பைகள் தடை செய்யப்பட்டன. மிலான் நகரில் 2012 நவம்பரில் தொடங்கி 2014-க்குள் நகர் முழுவதும் வீட்டு வாசலில் உணவுக் கழிவைத் தனியாக வாங்கும் ஏற்பாடு வந்தது. கடையில் வாங்கும் மாவுப் பையே வீட்டில் உணவுக் கழிவு வாளிக்குள் விரிக்கும் பையாகி, கழிவோடு சேர்ந்தே ஆலைக்குப் போகிறது. மாவுப் பை அங்கே வேரூன்றியது அந்த வண்டி வந்ததால்தான். இங்கேயும் ஒரு நகராட்சியோடு ஒப்பந்தம் செய்து, கழிவை வாங்கும் வண்டியும் உரக்கிடங்கும் உறுதியான பிறகு அந்த ஊருக்கு மட்டும் பை கொடுங்கள்.

நம் தொழில் சொல்லால் பட்ட அடி நமக்கு மறந்திருக்காது. மக்காச்சோள மாவு கலந்த ஜவ்வரிசி, வெளுப்பதற்கு ரசாயனம் போட்ட ஜவ்வரிசி என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் கலக்காதவரின் மூட்டையும் சேர்ந்தே விலை இறங்கியது. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ், விற்பனைக்கு முன் மாதிரி எடுத்துச் சோதிக்கும் வழக்கத்தைக் கைவிடாததும் இதற்காகத்தான். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்கு இப்போது மதிப்பு இருக்கிறது. மாவுப் பிளாஸ்டிக்குக்கும் அதே சோதனைச் சாலையில் ஓர் அறை ஒதுக்குங்கள். பொருளின் மேல், தமிழில், படிக்கக்கூடிய அளவு எழுத்தில், கிழங்கு மாவு எத்தனை பங்கு, மற்றது என்ன, எந்த இடத்தில் எத்தனை மாதத்தில் மக்கும் என்ற மூன்றையும் அச்சிடுங்கள். "வீட்டு எருக்குழியில் மக்காது" என்று எழுத நேர்ந்தால் அதையும் எழுதுங்கள். விற்பனை குறையும் என்று உங்கள் முகவர்கள் சொல்வார்கள். தாம்பூலப் பையைத் தோண்டியெடுத்த என்னைப் போன்றவர்கள் மறுமுறை வாங்காமல் போவதையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

நிலப்போர்வையைச் செய்து பார்க்க உங்களில் ஒருவர் முன்வந்தாலும், என் தம்பி தோட்டத்தில் அரை ஏக்கரை வரும் தைப் பட்டத்துக்கு ஒதுக்கித் தருகிறேன். பாதிப் பாத்திக்கு உங்கள் ஷீட், பாதிக்கு வழக்கமான ஷீட். அறுவடைக்குப் பிறகு துண்டுகளை நைலான் வலைப் பையில் கட்டி, ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, மாதம் ஒருமுறை எடுத்து எடைபோட்டு, இரண்டு ஆண்டுக் கணக்கையும் நோட்டில் எழுதி உங்களுக்கே அனுப்புகிறேன். கூலி என் செலவு. உருளையின் மேல் கலவை விகிதத்தை மட்டும் மறைக்காமல் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆத்தூர் வட்டத்துக் கிழங்கு விவசாயி,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்.